கச்சாங் இல்லாத பசியாறல்

உணவின் மீது மனிதகுலம் கொண்டிருந்த அச்சம், மலேசியாவின் கிள்ளானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு முடிவுக்கு வந்தது. பழனியப்பன் ஒலிபெருக்கியில் அப்படித்தான் அறிவித்தார். முடிவு பத்து நிமிடம் தாமதமானது. இயந்திரத்தின் வயர் பிளக்கு வரை எட்டவில்லை.

அன்று அவருக்கு அறுபதாம் கல்யாணம். சங்கத் தலைவர் அல்லவா, பசியாற வந்தவர்களுக்கு அறிவியலையும் சேர்த்துப் பரிமாற ஆசைப்பட்டார். இயந்திரம் பிஸ்கட் டின் அளவில் ஒரு பெட்டி. உணவைக் கரைத்துக் குழாயில் விட்டால், மரபணுவைப் பார்த்து, உடம்புக்கு ஆகாத பொருள் அதில் உண்டு, இல்லை என்று இருபதே நிமிடத்தில் சொல்லிவிடும். இறாலுக்கு ஒரு குழாய், பாலுக்கு ஒரு குழாய் என்று தனித்தனி.

கோமதி நம்ப விரும்பினாள். அவள் மகள் ஜனனிக்கு எட்டு வயது, நிலக்கடலை ஆகாது. மூன்று வயதில் கடலை மிட்டாய்த் துணுக்கு ஒன்றைத் தின்றுவிட்டு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் செயற்கைச் சுவாசக் குழாயோடு கிடந்தவள். அதன் பிறகு எந்தப் பந்தியிலும் உட்கார்ந்ததில்லை. காரில் இருந்து வீட்டுச் சோறு தின்றபடி கண்ணாடி வழியே மற்ற பிள்ளைகளைப் பார்ப்பாள்.

“இன்னைக்கு எல்லாரோடயும் உக்காரட்டும்மா,” என்றார் கோமதியின் தாய்மாமன் பழனியப்பன். “அவளுக்காகவே கச்சாங் டியூப்பு சொல்லி வரவழைச்சேன்.”

சொன்னார்தான். கம்பெனிக்காரனிடம் போனில் ‘கச்சாங்’ என்றார். மலாயில் பயறும் கச்சாங், சோயாவும் கச்சாங், நிலக்கடலையும் கச்சாங். நம்மவர் வாயில்தான் அது நிலக்கடலை மட்டும். வந்த பாக்கெட்டில் ‘கச்சாங் சோயா’ என்றே அச்சாகியிருந்தது, யாராவது படித்திருக்கலாம். ஆனால் புது இயந்திரத்துக்குப் பூசை போடாமல் விட முடியுமா? எலுமிச்சை நசுக்கி, சூடம் காட்டி, பெட்டிக்கும் பாக்கெட்டுக்கும் தம் கையாலேயே சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். சோயா அதற்கடியில் போயிற்று.

சட்னியைக் கரைத்து விட்டார்கள். ‘இல்லை’ என்று பச்சை விளக்கு எரிந்தது. கைதட்டினார்கள்.

கோமதி எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்தாள்.

“எங்க போற?”

“லோகன் அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன், மாமா.”

“மெஷினே சொல்லியாச்சு. இனிமே போயி சமையக்காரன்கிட்ட கேட்டா என் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது? உக்காரு லா.”

ஐந்து வருடமாகப் போகிற இடமெல்லாம் கேட்டுக் கேட்டு ‘கச்சாங் அக்கா’ என்று பேர் எடுத்தவள். அன்று ஒரு நாளாவது மரியாதை தெரிந்தவளாக இருக்க நினைத்தாள். உட்கார்ந்தாள்.

“எல்லாமே சாப்பிடலாமா, அம்மா?”

“எல்லாமே.”

“வீடியோ எடு கோமதி, கம்பெனிக்கு அனுப்பணும்,” என்றார் பழனியப்பன்.

தேங்காய் பற்றாமல் லோகன் சட்னியில் பாதிக்கு நிலக்கடலை அரைத்திருந்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான், ஒளிக்கிற ஆளில்லை.

இரண்டாவது இட்லிக்குள் உதடு வீங்கியது. தொடையில் ஒவ்வாமைக்கான அவசர ஊசியைக் குத்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கார்க் கதவு சாத்துவதற்குள் பிள்ளைக்குக் குரல் போய்விட்டது.

மருத்துவமனைக்குப் பழனியப்பன் கழுத்தில் கல்யாண மாலையோடு வந்தார். கையில் பாக்கெட், குங்குமத்தைத் துடைத்துப் படித்திருந்தார்.

“மெஷின் மேல தப்பில்லம்மா. சோயா இல்லன்னு சரியாத்தான் சொல்லியிருக்கு.”

கோமதி அவரைப் பார்க்கவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது திறந்து டாக்டர் வந்தார்.

“இன்னும் மூச்சு சரியா வரல, அக்கா. சட்னி எவ்ளோ சாப்ட்டா? மொத வாய் எத்தன மணிக்கு?”

கோமதிக்குத் தெரியவில்லை. வீடியோவைப் போட்டுக் காட்டினாள். நாற்பத்து மூன்று வினாடியும் பழனியப்பன்தான் பேசினார். ஜனனியின் முழங்கை ஒரு தடவை தெரிந்தது.