ஆமாம் என்று சொன்னவள்

இறந்து கிடந்த உலகன்னானின் விரல்களில் ஜெபமாலை நிற்கவில்லை. ஏலிக்குட்டி எத்தனை முறை சுற்றினாலும் அது வழுகி மார்பின் மேல் விழுந்தது. பக்கத்து வீட்டு மரியம் வெள்ளை நூல் கொண்டு வந்து இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டி, மாலையை அதன்மேல் சுற்றினாள்.

"இப்பப் பாருங்க சேடத்தி, ஜெபம் பண்ற மாதிரியே இருக்கு" என்றாள்.

கணவரின் அந்தக் கை ஜெபமாலையைத் தொட்டு ஏலிக்குட்டி ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். அவளுடைய மாலை அறுந்து மணிகள் அடுக்களையெங்கும் சிதறியபோது, அவர் குனிந்து பொறுக்கி உட்கார்ந்து கோத்துக் கொடுத்தார். பத்துப் பத்தாகப் பிரித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, உங்க ஆளுங்களும் எங்க கட்சி மாதிரி யூனிட் போட்டுத்தான் வேலை பார்க்கிறாங்க என்று சிரித்தார்.

விடியும் முன்பே ஏலத்தோட்டத்துப் பெண்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மழையில் தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள். தோட்டத்தில் பிரசவ லீவு என்ற ஒன்று இருப்பதே உலகன்னானால்தான். அதற்காக அவர் சிறையில் கிடந்த மாதங்களில் இந்தப் பெண்கள்தான் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டு வந்து ஏலிக்குட்டியின் அடுக்களையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

சுகதன் வந்தபோது வெளியே பேச்சு அடங்கியது. உலகன்னானோடு ஒரே அறையில் சிறையில் இருந்தவன். கம்யூனிஸ்ட் கட்சியில் இப்போது இந்தப் பகுதிக்குச் செயலாளர். உடல்மேல் போர்த்தும் செங்கொடியை நனையாமலிருக்கக் காகிதத்தில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தான். வாசலில் நின்று உள்ளே பார்த்தான். தலைமாட்டில் சிலுவை, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. பார்த்துவிட்டு, கொடியை வெளியே எடுக்காமலேயே நின்றான்.

காலைப் பூசையில் பங்குப் பாதிரியாரான அச்சன் அறிவித்தது அதற்குள் கடைத்தெரு வரைக்கும் போயிருந்தது. தோழர் உலகன்னான் தன் பிழைக்கு வருந்தி, திருச்சபையோடு ஒப்புரவாகி மரித்தார் என்று அறிவித்திருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில், கேரளத்தில் கட்சி மந்திரிசபையை இறக்க வேண்டுமென்று தேவாலயங்களிலெல்லாம் ஆள் திரட்டக் கூட்டமணி அடித்துக்கொண்டிருந்த மழைக்காலத்தில்தான், அவர்களுடைய ஒரே மகன் டோமிச்சன் காய்ச்சலில் போனான். நாலு வயது. பிள்ளையைப் புதைக்க அனுமதித்த அன்றைய அச்சன், தகப்பன் கட்சியை விட்டாலொழிய கல்லறைத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். உலகன்னான் சுவருக்கு வெளியே நின்றார். உள்ளேயிருந்து ஏலிக்குட்டிக்கு அவருடைய குடை மட்டும் தெரிந்தது. மண் போட்டு முடிகிற வரை அது அசையவில்லை. அதற்குப் பிறகு அவளுடைய ஞாயிற்றுக்கிழமைப் பூசையை அவர் ஒரு நாளும் தடுத்ததில்லை. தேவாலயப் படி வரை கூட வருவார், அங்கிருந்து திரும்பிவிடுவார்.

இந்த வருஷம் நெஞ்சில் சளி கட்டி, எழுந்து உட்கார முடியாமல் ஆனபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏலி, என்னை டோமிச்சன் பக்கத்துல போடணும்."

"அப்ப அச்சனைக் கூப்பிடட்டுமா, இச்சாயா?"

"அதுக்காக நான் யார்கிட்டயும் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

இரண்டும் எப்படி நடக்கும் என்று அவள் கேட்கவில்லை. கேட்கலாம் என்று நினைத்த நாளில் அவருக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. தேவாலயச் சுவருக்கு அப்பால், தூக்குப் போட்டுக்கொண்டவர்களையும் சபை தள்ளிவைத்தவர்களையும் புதைக்கிற தெம்மாடிக்குழி இருந்தது. மழைக்காலத்தில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். அவள் போய் அச்சனை அழைத்து வந்தாள்.

இளவயது அச்சன். கெட்டவரில்லை. ஆயர் கேட்டால் நான் பதில் சொல்லியாக வேண்டும், ஒரு தலையசைப்பு போதும் என்று வரும் வழியிலேயே கெஞ்சுவது போலச் சொன்னார். கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு உலகன்னானின் காதருகே குனிந்து, சபைக்கு விரோதமான கட்சியில் இருந்ததற்காக வருந்துகிறீர்களா என்று கேட்டார். உலகன்னானின் தலை தலையணையில் மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தது.

அச்சன் நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொல்றாரு, சேடத்தி?"

அவளுக்குத் தெரியும். கூடவே வாழ்ந்த மனுஷனின் தலை எதற்கு எப்படி அசையும் என்பது அவளுக்குத் தெரியாதா?

"ஆமான்னுதான் சொல்றாரு, அச்சா" என்றாள்.

அச்சன் பெருமூச்சு விட்டு எண்ணெய்ச் சிமிழைத் திறந்தார். நெற்றியில் எண்ணெய் பட்டபோது உலகன்னான் அச்சனைப் பார்க்கவில்லை. ஏலிக்குட்டியைப் பார்த்தார். அச்சன் போன பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் கரண்டியில் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார். அன்று இரவே மூச்சு நின்றது.

வாசலில் நின்ற சுகதன் இப்போது அவளை அடுக்களைப் பக்கம் வரச் சொல்லிக் கூப்பிட்டான். பக்கத்து அறையில், பூசை முடித்து வந்திருந்த அச்சன் கட்டன்காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு.

"சேச்சி, மத்தவங்க சொல்றது எனக்கு வேண்டாம். உங்ககிட்ட மட்டும் கேக்கறேன். கட்சியில இருந்தது தப்புன்னு அவர் சொன்னாரா?"

பலகைக்கு அப்பால் கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது. டோமிச்சனின் பக்கத்தில் குழி தோண்ட ஆள் போயாகிவிட்டது.

"சொன்னார்."

சுகதன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன் சேச்சி. ஏலிக்குப் பொய் சொல்ல வராதுடான்னு ஜெயில்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

உண்மை அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றாள். அவன் சடலத்தின் பக்கம் திரும்பாமல் பின்வாசல் வழியாகவே போனான். கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராக அவன் பின்னால் நடந்தார்கள். பெண்கள் மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் நின்றார்கள். உத்தமபாளையத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட பேச்சி உள்ளே வந்து, உலகன்னானின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு, "எங்களை எதுக்கு சாமி விட்டீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டது சாவைத்தானா என்று ஏலிக்குட்டிக்கு விளங்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவளுக்குத் தைரியமும் இல்லை.

பெட்டி தூக்க ஆள் போதவில்லை. தேவாலயத்திலிருந்து நாலு பேரை அச்சன் வரவழைத்தார். அதில் இரண்டு பேர் ஐம்பத்தொன்பதில் உலகன்னான் மேல் கல் எறிந்தவர்கள். பிரசங்கத்தில் அச்சன், காணாமற்போன ஆடு மந்தைக்குத் திரும்பியதைச் சொன்னார். நல்ல குரல் அவருக்கு. பெட்டி டோமிச்சனின் சின்னச் சிமெண்ட் சிலுவையை ஒட்டி இறங்கியது. இதற்காகத்தானே செய்தோம் என்று ஏலிக்குட்டி மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். மண் அள்ளிப் போடச் சொன்னார்கள். போட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது சாயங்காலம். உறவுக்காரர்கள் உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் முற்றத்தில் கிடந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். மழை விட்டிருந்தது.

தள்ளுவண்டியோடு யூனியன் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அதிகாலையில் பெஞ்சுகளைக் கொண்டு வந்து போட்டவர்களும் அவர்கள்தான். இரண்டு பேரையும் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருவனுடைய கல்யாணத்துக்கு உலகன்னான்தான் மாலை எடுத்துக் கொடுத்தார். அவர்கள் அவளைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, மற்ற பெஞ்சுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வண்டியில் ஏற்றினார்கள். கடைசியில் அவள் உட்கார்ந்திருந்தது மட்டும் மிஞ்சியது.

எழுந்திருங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. வண்டியின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஏலிக்குட்டி எழுந்தாள். அவர்கள் வந்து ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கினார்கள். சேற்றில் பெஞ்சின் கால்கள் பதிந்த இடத்தில் நாலு குழிகள் தெரிந்தன. அவற்றில் மெல்லத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.