மூன்றாம் நாள், பாலம்

ப்ராக் நகரத்தை நான்கு நாளில் சுற்றிப் பார்க்க ஒரு திட்டம் போட்டுத் தரும்படி முதலாளி சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மதுரைக்கு வடக்கே நான் போனதே மூன்று தடவை. அதில் இரண்டு தடவை அச்சு மெஷின் பார்க்கச் சென்னைக்கு.

"ஏய்யா பாண்டிராஜ், நம்ம கம்பெனியில இங்கிலீசும் தெரிஞ்சு கம்ப்யூட்டரும் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். டிராவல்ஸ்காரன் போட்டுக் குடுத்ததப் பாத்தேன். காலையில ஏழு மணிக்குக் கெளப்பி ராத்திரி வரைக்கும் ஓடவிடுறான். நம்ம ஏஜெண்டுக தாங்க மாட்டாக" என்றார்.

அவர் ராஜபாண்டியன். சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருக்கிறார். நான் அங்கே இருபத்திரண்டு வருடமாக டிசைனர். காலண்டர் சீசன் முடிந்ததும், அதிக ஆர்டர் பிடித்த ஏஜெண்டுகளை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போவது அவர் வழக்கம். பாங்காக் ஆயிற்று, துபாய் ஆயிற்று. இந்த வருடம் ப்ராக் என்று முடிவானதற்குக் காரணம் எங்கள் நாற்பத்தேழாம் நம்பர் காலண்டர்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். விருதுநகரில் எந்தப் பருப்புக் கடைக்குப் போனாலும் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும். ஒரு பழைய கல் பாலம், இரண்டு பக்கமும் சிலைகள், விளக்குக் கம்பங்கள், கீழே ஆறு, தூரத்தில் மேட்டின்மேல் அரண்மனை, அதற்கும் பின்னால் பனிமலை. இரண்டு சீசனாக அதுதான் அதிகமாக ஓடியது. அந்த இடத்தை ஒருதடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஏஜெண்டுகள் எல்லாரும் ஒரே பிடியாக நின்றார்கள்.

அங்கே பனிமலை கிடையாது. வேறு படத்திலிருந்து நான் வெட்டி எடுத்து வைத்தது. இதை மெர்ஜ் பண்ணுவது என்போம். விருதுநகர் ஏஜெண்ட் வெள்ளைத்துரை போன் போட்டு, "அந்த மலைக்கு ரோப் கார் உண்டுமா தம்பி?" என்று கேட்டார். "இப்ப மூடிட்டாகண்ணே" என்று சொல்லி வைத்தேன். வேறென்ன சொல்ல?

மலை மட்டும் இல்லை. வெளிநாட்டுப் படங்களில் முகம் தெரிகிற ஆட்களை எடுத்துவிடுவோம். நாளைக்கு எவனாவது என் படத்தை ஏன் போட்டாய் என்று வந்து நின்றால் வம்பு. ஆனால் ஆளை எடுத்தால் அந்த இடம் பல் விழுந்த வாய் போல இருக்கும். அதனால் அதே உயரத்தில், அதே இடத்தில் வேறு ஒருவரை வைத்துவிடுவேன். ஒருத்தரை எடுத்தால் ஒருத்தரை வைக்க வேண்டும், இடம் காலியாக இருக்கக் கூடாது. இது என் தொழிலில் நானே போட்டுக்கொண்ட சட்டம். வீட்டிலும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பாலத்தில், மூன்றாவது விளக்குக் கம்பத்துக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றாள். சிவப்பு ஸ்வெட்டர். இடது கால் செருப்பு அறுந்துபோயிருக்க வேண்டும், அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலைத் தூக்கி நின்றாள். அவளை அழித்தேன். அந்த இடத்தில் என் மகளை வைத்தேன்.

ஸ்ரீமதி எங்களுக்கு ஒரே பிள்ளை. விருதுநகரில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கார்த்திகை மாதம் காய்ச்சல் வந்தது, ஐந்தாம் நாள் இல்லாமல் போனாள். பத்தொன்பது வயது. கல்லூரி விழாவில் மஞ்சள் சுடிதாரில், தோள் பை வாரை இடது கையால் பிடித்துக்கொண்டு நிற்கிற போட்டோ என்னிடம் இருந்தது. அடுத்த வைகாசியில், ஆடிப்பெருக்குக்கு வெளியிடும் சாம்பிள் ஆல்பத்துக்காக நாற்பத்தேழாம் நம்பரைச் செய்தபோது அவளை அங்கே நிறுத்தினேன். படத்தில் விரல் நகம் அளவுதான் இருப்பாள். யாருக்கும் தெரியாது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஊர் ஊராக, கடை கடையாக என் பிள்ளை இருக்கட்டும் என்று நினைத்தேன். அழுதுகொண்டேதான் செய்தேன். அழுததில் அவள் நிழலைத் தப்பான பக்கம் போட்டுவிட்டேன். மற்றவர்கள் நிழல் வலப்பக்கம் விழ, அவளுடையது இடப்பக்கம் விழுந்தது. அச்சாகி வந்த பிறகுதான் கவனித்தேன். வேறு யார் கண்ணிலும் படவில்லை.

என் மனைவி செல்வலட்சுமி ஒரு மாதத்திலேயே மனதைத் தேற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போனவள். எங்கள் ஊர் ஆமத்தூர். காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தால் முதல் ஆளாக ஏறுவாள். அதே வைகாசியில் ஒருநாள் வேன் வந்து அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்றைக்கு வேலையிலிருந்து நின்றவள்தான். பகல் முழுக்க ஸ்ரீமதியின் அறையில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பாள். இரண்டு தட்டில் சோறு போடுவாள். சில நேரம் அந்த அறைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தால் வராது, கொஞ்சம் கழித்து மறுபடி ஒரு 'டக்'. ஜன்னல் கொக்கி என்று விட்டுவிட்டேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். விழுங்கினாள். ஒன்றும் மாறவில்லை.

"உன் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வா. ஒரு மாத்தமா இருக்கும்" என்று முதலாளி சொன்னபோது நம்பிக்கையே இல்லாமல்தான் அவளிடம் கேட்டேன்.

"நாப்பத்தேழாம் நம்பர் பாலத்துக்கா?" என்றாள்.

"ஆமா."

"வாரேன்."

பாஸ்போர்ட்டுக்கு மதுரையில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றாள். விசா போட்டோவுக்குத் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? மகள் போய்விட்டாள், மனைவியாவது திரும்பக் கிடைப்பாள் என்று தோன்றியது. அந்தப் பயணம் எந்தக் காரணத்தாலும் கெட்டுவிடக் கூடாது என்று சாமிக்கெல்லாம் வேண்டினேன்.

ஒருநாள், "செருப்பு ஒரு ஜோடி வாங்கிட்டு வாங்க. பத்தாம் நம்பரு" என்றாள்.

"ஒனக்கு ஆறுதான?"

"பெருசாத்தான் வேணும்."

குளிருக்கு தடித்த காலுறை போடுவாளாக்கும் என்று சிவகாசியில் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு அச்சகத்தில் திட்டம் போட உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்தால் தெருத் தெருவாக எடுத்த போட்டோவில் நாமே நடந்து போகலாம். ஆட்களின் முகத்தை மட்டும் அந்தக் கம்ப்யூட்டரே மங்கலாக்கிவிடும். முதல் நாள் பழைய சதுக்கம். அங்கே கோபுரத்தில் ஒரு பெரிய கடிகாரம், மணிக்கு மணி சின்னக் கதவு திறந்து பொம்மைகள் வரும். வெள்ளைத்துரை அண்ணன் வாயைப் பிளந்து பார்ப்பார், அரை மணி நேரம் ஒதுக்கினேன். கடிகாரத்துக்குக் கீழே கூட்டத்தில் ஒரு மஞ்சள் சுடிதார், முதுகு மட்டும் தெரிந்தது. நம்ம ஊர் ஆட்கள் இல்லாத ஊர் ஏது என்று நகர்ந்தேன்.

இரண்டாம் நாள் அரண்மனை. மேலே ஏறுகிற படிக்கட்டு நீளமானது, டிராமில் போய்விட்டு இறங்கும்போது மட்டும் நடக்கலாம் என்று எழுதினேன். அந்தப் படிக்கட்டுப் போட்டோ பனிக்காலத்தில் எடுத்தது. எல்லாரும் கழுத்துவரை கோட்டு போட்டிருந்தார்கள். நடுவில் மஞ்சள் பருத்திச் சுடிதாரில், ஸ்வெட்டர்கூட இல்லாமல் ஒரு பெண் நின்றாள். முகம் மங்கலாக இருந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். மத்தியானம், ஏசி ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்து மேஜையில் பொன்மணி ராசிபலன் பக்கத்துக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாளுக்குப் பாலத்தைத் திறந்தேன். ஒரு விளக்கு, இரண்டு விளக்கு என்று நகர்த்திக்கொண்டே போனேன்.

மூன்றாவது கம்பத்தின் கீழே அவள் நின்றாள். இடது கை பை வாரைப் பிடித்திருந்தது. முகம் மங்கல்தான். பாலத்தில் நின்ற அத்தனை பேர் நிழலும் வலப்பக்கம் விழுந்திருந்தது. அவள் நிழல் மட்டும் இடப்பக்கம் விழுந்திருந்தது.

நான் செய்த தப்பு அது. உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது.

பைக்கை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தேன். செல்வலட்சுமியை அந்த இடத்துக்குக் கூட்டிப் போகக் கூடாது. இது ஒன்றுதான் வழி முழுக்க மனதில் இருந்தது. பிள்ளையைப் பார்த்துவிட்டு, பிறகு அவள் எப்படித் திரும்பி வருவாள்?

அடுப்படியில் இரண்டு தட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஊருக்குப் போக வேண்டாம் செல்வம்" என்றேன்.

"ஏன்?"

சொல்லிவிட்டேன். மகளைப் படத்தில் வைத்தது, இன்றைக்குப் பார்த்தது, நிழல், எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நம்ம பிள்ளைய அங்கன வச்சீகன்னு காலண்டரப் பாத்ததுமே தெரியும், சரி. அங்கன நின்னவள எங்கன அனுப்புனீக?"

எனக்கு விளங்கவில்லை. "யார?"

"செவப்பு ஸ்வெட்டர் போட்டவள. நீங்க பாட்டுக்கு அழிச்சுப்புட்டீக. அவ எங்கன போவா? வைகாசியில ஒருநா காலையில வேனுக்குக் கெளம்புறேன், ஸ்ரீமதி ரூம்ல நிக்கா. ஒத்தக் கால்ல செருப்பு, ஒண்ணு கையில. பேசுறது ஒண்ணும் வெளங்கல, அழுகை மட்டும் வெளங்குது. ஒங்க கண்ணுக்குத் தெரியலன்னு ரெண்டு நாள்லயே தெரிஞ்சுபோச்சு. அந்தப் பிள்ளையத் தனியா விட்டுட்டு எப்படி வேலைக்குப் போவேன்?"

அந்தப் பெண்ணைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. அழித்த அன்றைக்கே பழைய படத்தையும் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டேன்.

"அவளக் கொண்டுபோய் அவ எடத்துல விட்டுட்டு நம்ம பிள்ளையக் கூட்டியாந்துருவோம். அதுக்குத்தான் வாரேன்னேன்" என்றாள் செல்வம். பத்து நாள் கழித்து மகளை விடுதியிலிருந்து அழைத்து வரப் போகிறவள் மாதிரிச் சொன்னாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒருவேளை கடைசி நேரத்துல அவ நிக்க மாட்டேன்னா, நான் நின்னுக்கிறேன். எடம் காலியா இருக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்வீக" என்றாள்.

இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் நிழல் கண்ணுக்குள்ளேயே நின்றது. இவள் போனால் நான் என்ன ஆவேன் என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"நீ நிக்க வேண்டாம். நான் அழிச்சவன், நானே நிக்கிறேன். நீ பிள்ளையக் கூட்டிட்டு ஊருக்கு வா" என்றேன்.

செல்வம் என்னைப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு முகம் பார்த்துச் சிரித்தாள். பிறகு அறைப் பக்கம் திரும்பி, "ஏத்தா, செருப்பப் போட்டுப் பாரு. அளவு சரியா இருக்கான்னு சொல்லு" என்றாள்.

உள்ளே யாரோ எழுந்திருக்கிற மாதிரிக் கட்டில் கிறீச்சிட்டது. 'டக்' என்றது. நான் பழக்கத்தில் அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தேன். இந்தத் தடவை அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. டக், டக், டக் என்று இரண்டு காலும் சீராக நடந்து கதவு வரைக்கும் வந்து நின்றது.

மறுநாள் திட்டப் புத்தகத்தை ஆர்ட் பேப்பரில் அச்சடித்து ஏஜெண்டுகளுக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள், காலை ஒன்பது மணி, பாலம் என்று போட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். எனக்கு எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை.