எடுத்துக்குங்க கேப்டன்

ரவ்தா பகுதியில் மிஷால் வீட்டு திவானியாவுக்குள் முதல் தடவையாக வருகிற யாரும், இன்னும் இரண்டு நிமிடத்தில் கைகலப்பு வரப்போகிறது என்றுதான் நினைப்பார்கள். செவ்வாய்க்கிழமை மஃரிபு என்கிற அந்தித் தொழுகை முடிந்ததும் ஆறேழு ஆண்கள் அந்த வரவேற்பறைச் சுவரோரம் திண்டுகளில் சாய்ந்துகொண்டு, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் இழுத்துப் பார்த்து, வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருப்பார்கள்.

"என்னய்யா இது, பழைய தகர டப்பா மூடி மாதிரி? தூக்கிக் குப்பையில போடு."

"உன்னுதுக்கு இது எவ்வளவோ மேல். உன்னுதை ஆட்டுக்குக் கட்டினா ஆடு கோவிச்சுக்கும்."

இரண்டுமே அந்தத் திவானியாவில் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த பாராட்டுகள். அங்கே கூடுகிற அத்தனை பேரும் விமானிகள் கட்டுகிற கைக்கடிகாரத்தின் மேல் பித்துப் பிடித்தவர்கள். யாருக்கும் விமானம் ஓட்டத் தெரியாது. பர்ராக் பல் டாக்டர். இன்னொருவர் கணக்கு வாத்தியார். மிஷால், கடைகளின் பெயர்ப்பலகைகளுக்கு நகராட்சியில் அனுமதி கொடுக்கிறவர்.

திட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் ஒருவருடைய பொருளை "நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டால், "உங்களை விடவா அது பெரிசு? எடுத்துக்குங்க" என்று அவர் நீட்டியாக வேண்டும். "ஐயோ, உங்க கையிலதான் அதுக்கு அழகு" என்று நாம் மறுத்தாக வேண்டும். பேனா, செருப்பு என்றால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். வாட்ச் பைத்தியங்கள் ஏழு பேர் ஒரே அறையில் உட்கார்ந்தால் நீட்டுவதற்கும் மறுப்பதற்குமே பொழுது போய்விடும், வாட்சைப் பார்க்க நேரம் இருக்காது. அதனால் அங்கே பாராட்டுக்குத் தடை போட்டிருந்தார்கள்.

மிஷாலிடம் இருபத்திமூன்று வாட்சுகள் இருந்தன. எல்லாவற்றிலும் மூத்தது, அறுபது வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நாட்டு விமானப்படையில் ஒரு விமானிக்குக் கொடுத்தது. கருப்பு முகம், பழுத்து மஞ்சளாகிப்போன பெரிய எண்கள், கையுறை போட்டுக்கொண்டே திருகக்கூடிய வெங்காயம் போன்ற திருகு, கண்ணாடியைச் சுற்றி எண்கள் பொடிப்பொடியாகப் பொறித்த, திருப்பிக் கணக்குப் போடுகிற சுழல்வளையம். எட்டு வருடம் தேடி வாங்கினார். விமானிகள் சட்டைக் கைக்கு மேல் கட்டுவார்கள் என்று எங்கோ படித்துவிட்டு, வெள்ளை வெளேரென்ற திஷ்தாஷா அங்கியின் கைக்கு மேலேயே கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவார். உண்மையில் விமானம் மேலே ஏறும்போது மிஷால் கண்ணை இறுக மூடிக்கொள்கிற ஆசாமி. எத்தனை நிமிடமாகிறது என்று வாட்சைப் பார்க்க மட்டும் ஒரு கண்ணைத் திறப்பார்.

அப்படிப்பட்ட திவானியாவுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை பர்ராக் தன்னிடம் பல் கட்டிக்கொள்ள வந்த ஒருவரை அழைத்து வந்தார். பெயர் ஸனத். முப்பத்தோரு வருடம் பயணிகள் விமானம் ஓட்டி ஓய்வு பெற்ற நிஜ கேப்டன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஏழு பேரும் அவருடைய மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தார்கள். அது வெறுமையாக இருந்தது.

காப்பியும் பேரீச்சம்பழமும் வந்தன. பாவம், கேப்டனுக்கு அந்த வீட்டுச் சட்டம் தெரியாது. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று மிஷாலின் கையைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், நல்ல வாட்ச்" என்றார்.

ஒரு நிஜ விமானியின் வாயிலிருந்து! மிஷாலுக்குத் தலைகால் புரியவில்லை.

"உங்களை விடவா அது பெரிசு? எடுத்துக்குங்க கேப்டன்."

"ஐயோ, உங்க கையிலதான் அதுக்கு அழகு" என்றார் கேப்டன், முறைப்படி.

மிஷால் வாரைக் கழற்றினார். "நான் சும்மா பேச்சுக்குச் சொல்லல. எடுத்துக்குங்க."

"வேணாம் மிஷால். உங்க மனசு போதும்."

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். இரண்டு தடவை நீட்டியாயிற்று, மறுத்தும் ஆயிற்று, யாருக்கும் குறையில்லை. மூன்றாவது தடவை நீட்டுவதில்கூடத் தப்பில்லை, சத்தியம் மட்டும் வாயில் வரக்கூடாது. ஆனால் சந்தோஷம் தலைக்கேறிய மனிதன் எங்கே நிற்கிறான்?

"அல்லாஹ் மேல ஆணையா சொல்றேன், இதை நீங்க எடுத்துக்கிட்டே ஆகணும்!"

கணக்கு வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். கேப்டனின் முகம் மாறிவிட்டது. இனிமேல் மறுத்தால் மிஷாலின் சத்தியம் பொய்யாகும். வீடு தேடி வந்த விருந்தாளி, காப்பி கொடுத்த மனிதனை அப்படி மாட்டிவிட முடியுமா?

"சத்தியமே பண்ணிட்டீங்களே" என்று வருத்தத்தோடு சொல்லி, கேப்டன் வாட்சை வாங்கிப் பைக்குள் போட்டார். பைக்குள் கார் சாவி இருந்தது. வாட்ச் அதன்மேல் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

உள்ளே போய் மிஷால் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். நூரியா சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

"காரை நேரா நிறுத்தத் தெரியாத மனுஷனுக்கு இருபத்திமூணு பைலட் வாட்ச் இருந்துச்சு. இப்ப இருபத்திரெண்டு. நல்ல ஆரம்பம்."

"நூரியா, அதுதான் இருக்கறதுலயே நல்லது."

"அப்ப போய்க் கேட்டு வாங்குங்க."

"குடுத்ததைக் கேக்கறதா? என் வாயாலயா?"

"குடுத்தது யார் வாயாலயாம்?"

அடுத்த செவ்வாய்க்கிழமை கேப்டன் தானாகவே வந்தார். கையில் வாட்ச் இருந்தது. கூடவே மீன் வாடையும் வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர் ஒரு படகு வாங்கியிருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கடல்தான்.

"உங்க சத்தியத்துக்கு மரியாதையா இதை நான் கழட்டறதே இல்ல மிஷால்" என்றார் கேப்டன் பெருமையாக. "போன வெள்ளிக்கிழமை மீன் கூண்டைத் தூக்கறப்போ கையை முழங்கை வரைக்கும் தண்ணிக்குள்ள விட்டேன். கண்ணாடிக்குள்ள லேசா பனி மூட்டம் மாதிரி வந்துச்சு. வெயில்ல கையை நீட்டிட்டு இருந்தேன், போயிடுச்சு."

கணக்கு வாத்தியார் தேநீர்க் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அறுபது வயது வாட்சுக்குள் உப்புத்தண்ணீர்! பிள்ளையைக் கிணற்றில் எறிந்தேன், ஈரத்தைத் துவட்டிவிட்டேன் என்று ஒருவர் சொல்வதைக் கேட்பதுபோல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

கேப்டன் அதோடு விடவில்லை. "இந்த வளையம் நல்ல வளையம்" என்று சொல்லி அதை இரண்டு தடவை திருப்பினார். "ஃபைலகா தீவுக்குப் போய் வர எவ்வளவு எண்ணெய் வேணும்னு இதுலயே கணக்குப் போட்டேன். சரியா இருந்துச்சு."

அந்த வளையத்தை மிஷால் இத்தனை வருடமாகத் துணியால் துடைத்திருக்கிறார், ஒரு தடவைகூடக் கணக்குப் போட்டதில்லை. அவருக்குப் பொறாமையாக இருந்தது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. இன்னொரு வெள்ளிக்கிழமையை அந்த வாட்ச் தாங்காது என்று அவருக்குத் தெரியும்.

பர்ராக்தான் வழி சொன்னார். "வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போவோம். நீ வாட்சை நல்லா இருக்குன்னு சொல்லு. அவர் எடுத்துக்குங்கன்னு சொல்வார். ஒரே ஒரு தடவை வேணாம்னு சொல்லு, மரியாதைக்கு. ரெண்டாவது தடவை வாயை மூடிக்கிட்டுக் கையை நீட்டு. என்கிட்ட வர்றவங்களுக்கு வாயைத் திறக்கறதுதான் கஷ்டம். உனக்கு மூடறது கஷ்டம்."

வியாழன் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு இருவரும் போனார்கள். கேப்டன் வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். காப்பி குடித்தார்கள், உடல்நலம் விசாரித்தார்கள், வெயிலைத் திட்டினார்கள். பர்ராக் தொண்டையைச் செருமினார்.

"கேப்டன், அந்த வாட்ச் ரொம்ப நல்லா இருக்கு" என்றார் மிஷால்.

கேப்டனின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "நல்லா இருக்கா? எடுத்துக்குங்க!"

"ஐயோ, உங்க கையிலதான் அதுக்கு அழகு."

இது பர்ராக் போட்ட கணக்கில் உண்டு. கேப்டன் அதற்குள் வாரைக் கழற்றியே விட்டார். "இல்லல்ல, நீங்க எடுத்துக்குங்க."

பர்ராக் முழங்கையால் ஒரு இடி கொடுத்தார். மிஷாலின் கையும் பாதி தூரம் நீண்டது. ஆனால் ஐம்பத்திரண்டு வருடம் நல்லபடியாக வளர்க்கப்பட்ட நாக்கு யார் பேச்சைக் கேட்கும்?

"வேணாம் கேப்டன். வேணவே வேணாம்."

கேப்டன் பொறுமை இழந்தார். "மிஷால், முப்பத்தோரு வருஷம் கடிகாரத்தைப் பாத்தே என் உயிர் போச்சு. வேலையை விட்ட அன்னைக்கு வாட்சைக் கழட்டினவன் நான். இப்ப கை அரிக்குது, தூங்க முடியல. அல்லாஹ் மேல ஆணையா, இதை நீங்க எடுத்துக்கிட்டே ஆகணும்!"

சொர்க்கத்தின் கதவே திறந்துவிட்டது. மிஷால் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பது மட்டும்தான்.

"அல்லாஹ் மேல ஆணையா, எடுத்துக்க மாட்டேன்!" என்றார் மிஷால்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. கேப்டன் நீட்டிய கையை மெதுவாகத் தாழ்த்தி, வாட்சைக் கம்பளத்தின் மேல் வைத்தார். இருவருக்கும் நடுவில் அது டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"முடிஞ்சுது போ" என்றார் பர்ராக். "ரெண்டு பக்கமும் சத்தியம். யாராவது ஒருத்தர் உடைச்சே ஆகணும். உடைக்கறவர் பரிகாரமா பத்து ஏழைங்களுக்குச் சோறு போடணும்."

கேப்டன் பெருமூச்சு விட்டார். "மிஷால் என் விருந்தாளி. நானே உடைச்சுடறேன். வாட்ச் என்கிட்டயே இருக்கட்டும்." அவர் கை கம்பளத்தை நோக்கிப் போனது.

"தொடாதீங்க!"

மிஷால் பாய்ந்த வேகத்தில் காப்பிக் கெண்டி உருண்டது. வாட்சை இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"எனக்கு வேணும் கேப்டன். என் சத்தியம் பொய். அன்னைக்கும் குடுக்கணும்னு குடுக்கல, நீங்க நல்லா இருக்குன்னு சொன்ன சந்தோஷத்துல உளறிட்டேன். எட்டு வருஷம் தேடி வாங்கினது. நீங்க அதைக் கடல்ல முக்கினேன்னு சொன்ன அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. பத்து பேர் என்ன, இருபது பேருக்கு வேணும்னாலும் நான் போடறேன்."

வெட்கத்தில் அவர் காது சிவந்திருந்தது. ஆனால் கை மட்டும் பிடியை விடவில்லை.

கேப்டன் வெறுமையான தன் மணிக்கட்டை ஆசை தீரச் சொறிந்துகொண்டார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஒரு வாரம் நிம்மதியா தூங்கியிருப்பேனே, மனுஷா!"

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மிஷால் வீட்டு முற்றத்தில் விரிப்பு போட்டார்கள். அடுத்த தெருவில் கட்டட வேலை செய்கிற பத்துப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். பெரிய தாம்பாளங்களில் நூரியா ஆக்கிய மச்பூஸ் வந்தது. நீண்ட அரிசியும் முழு ஆட்டுத் தொடையுமாக ஆவி பறந்தது. "ஒரு வாய்ப் பேச்சுக்கு ஒரு ஆடு" என்று நூரியா காலையிலிருந்து பத்து தடவை சொல்லியிருந்தாள். மிஷால் விருந்தாளிகளோடு சம்மணமிட்டு உட்கார்ந்தார். சட்டைக் கைக்கு மேலே வாட்ச், அவ்வளவு சந்தோஷமான மனிதரை அந்தத் தெரு சமீபத்தில் பார்த்ததில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி, தலைப்பாகை கட்டிய பெரியவர், நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். சோறு போட்டவருக்கு ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று தேடியவரின் கண்ணில் அது பட்டுவிட்டது.

"மாஷா அல்லாஹ், நல்ல வாட்ச் ஐயா" என்றார்.

மிஷாலின் வாய் தானாகத் திறந்தது. "எடு" வரை வந்துவிட்டது. சமையலறை ஜன்னலில் நூரியா அப்படியே நின்றாள்.

மிஷால் தாம்பாளத்தில் கையை விட்டு, கைநிறையச் சோற்றை அள்ளித் தன் வாயில் திணித்துக்கொண்டார்.