இடது பக்கத் தண்ணீர்ப்பை

அக்காவின் கன்னத்தில் அறை விழுந்தபோது, குழாய்க்காரி படகின் பின்பக்கப் பெட்டிக்குள் தலையை விட்டு ஒரு வால்வை இறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அக்கா இருக்கையின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். மாமா கையை உதறிக்கொண்டிருந்தார், அடித்ததில் தனக்குத்தான் வலித்ததுபோல.

"நான் சொல்லாம எதையும் தொடாதன்னு எத்தனை தடவ சொல்றது?"

"நீங்கதானே பம்ப்பைப் போடச் சொன்னீங்க" என்றாள் அக்கா.

இன்னொரு அறை விழுந்தது.

குழாய் வேலை செய்வதால் ஊரே அவளைக் குழாய்க்காரி என்றுதான் கூப்பிடும். அக்கா புருஷனான மாமா ஏரியில் படகு வைத்திருந்தார். பலகையில் நின்று கயிற்றைப் பிடித்தவர்களை அந்தப் படகு இழுத்துக்கொண்டு போகும். அது கிளப்பும் அலையில் ஏறி அவர்கள் தாவுவார்கள். படகு கனத்தால்தான் அலை பெரிதாகும்; அதற்காகப் படகுக்குள் தண்ணீர்ப்பைகள் பொருத்த வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஆள் வைத்துச் செய்தால் மூன்று வாரம் ஆகும் என்றதும் மாமாவுக்குக் கொழுந்தியாளின் ஞாபகம் வந்தது. நர்ஸ் படித்த அக்காவின் சர்டிபிகேட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பதினோரு மாதமாக அவள் குரலைக்கூடக் கேட்க விடாத மனுஷர், தானாகவே போன் போட்டார். அக்காவைப் பார்க்கலாம் என்ற ஒரே காரணத்துக்காக இவள் ஒப்புக்கொண்டாள்.

மூன்று நாள் வேலை. படகைக் கரையில் ஏற்றி வைத்து அடியில் ஓட்டை போட்டாள். பித்தளை இணைப்பைப் பசை வைத்து முடுக்கினாள். பம்ப், வால்வு, இரண்டு பக்கமும் குழாய், குழாயின் முனையில் நானூறு லிட்டர் பிடிக்கும் ரப்பர் பை. ஏரித் தண்ணீரை உறிஞ்சி நிரப்பவும் திரும்ப வெளியேற்றவும் ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச். இதற்கிடையில் அக்காவின் மேல்கையில் நாலு விரல் பதிந்த கன்றலைப் பார்த்தாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லாததைப் பார்த்தாள். "படியில வழுக்கிட்டேன்" என்று அக்கா சொன்னாள். வீட்டில் படியே கிடையாது.

இன்று படகைத் தண்ணீரில் இறக்கி முதல் சோதனை. இடது பக்கத்துப் பை முக்கால்வாசி நிரம்பி, பெட்டிக்குள் கொழுத்த மிருகம்போல் அசைந்தது. வலது பக்கத்துக் குழாயில் காற்று அடைத்துக்கொண்டதால் அந்தப் பை சப்பையாகக் கிடந்தது. படகு இடப்பக்கம் சாய்ந்தது.

"இவ கை வெச்சா எது உருப்படும்" என்றார் மாமா.

"காத்து அடைச்சிருக்கு மாமா. அஞ்சு நிமிஷத்துல எடுத்துரலாம். அக்கா மேல என்ன தப்பு?"

அவர் எட்டி வந்தார். அக்காவின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து, சாய்ந்த பக்கமாக இழுத்துப் போய், விளிம்புக்கு வெளியே அவள் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினார். அக்காவின் கால்கள் தரையில் தடதடவென்று அடித்தன. ஒரு செருப்பு கழன்று பறந்தது.

குழாய்க்காரி ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்; அரை நிமிஷம் ஆகியும் அசையவில்லை. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. கையிலிருந்த ரெஞ்சால் அவன் முழங்கையில் ஓங்கிப் போட்டாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அக்கா தலையைத் தூக்கி மூச்சுக்குத் திணறினாள். அவன் திரும்பி, மிச்சமிருந்த ஒரு கையால் இவள் குரல்வளையைப் பிடித்து கயிறு கட்டும் இரும்புத் தூணில் மண்டையை மோதினான். ஒரு முறை. இரண்டாம் முறை பொறி கலங்கியது. காதுக்குப் பின்னால் சூடாக வழிந்தது.

"குழாய் கழுவுற நாய்க்கு அவ்ளோ திமிரா?"

கண் தெரியாமலேயே ரெஞ்சை வீசினாள். அது முட்டியில் பட்டது. அவன் தடுமாறி, திறந்திருந்த இடது பெட்டிக்குள், பைக்கும் எஞ்சின் தடுப்புக்கும் நடுவில் இருந்த சந்தில், கால் முதலாக இறங்கினான். நெஞ்சு வரை போய்ச் சிக்கிக்கொண்டான். படகின் சாய்வில் பை அவன் மேல் உருண்டது. பம்ப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் கெட்ட வார்த்தையாகக் கொட்டினான். பிறகு வார்த்தை குறைந்தது.

"நிறுத்து. பம்ப்ப நிறுத்து."

ஸ்விட்ச் பக்கத்தில் அக்கா தவழ்ந்து வந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கிலிருந்து ஏரித் தண்ணீர் ஒழுகியது. விரல் ஸ்விட்ச் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"என் நர்ஸ் சர்டிபிகேட் எங்க?"

"நிறுத்துடி..."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"இரும்பு... அலமாரி. சாவி கழுத்துல."

குழாய்க்காரி குனிந்து அவன் கழுத்துச் சங்கிலியை அறுத்தெடுத்தாள். அவன் முகம் நீலம் பாய்ந்திருந்தது.

"அக்கா, போதும். செத்துருவான்."

"செத்தா?"

நேரம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். தங்கை எட்டிப் போய்த் தானே நிறுத்தியிருக்கலாம். அவள் கையும் எழவில்லை. அதுதான் பின்னாளில் அவளை அதிகம் பயமுறுத்தியது.

அக்கா ஸ்விட்சை மறுபக்கம் தள்ளினாள். தண்ணீர் வெளியேறத் தொடங்கியது. எழுந்து போய்ப் பெட்டியின் ஓரத்தில் மண்டியிட்டு, அவன் கழுத்தில் இரண்டு விரல் வைத்து நாடி பார்த்தாள்.

"விலா போயிருக்கு. அசைக்கக் கூடாது. ஆம்புலன்சுக்குச் சொல்லு."

அவனுக்கு மூச்சு திரும்பியது. முதல் வேலையாக அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தான். "உன்னக் கொல்லாம விடமாட்டேன்."

அக்கா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டு விரல் மட்டும் விடவில்லை. அதைப் பின்பக்கமாக மடித்தாள். ஒடிகிற வரை மடித்தாள்.

போலீஸ் கேட்டபோது அக்கா எதையும் மறைக்கவில்லை.

"பம்ப்ப நிறுத்தாம எவ்ளோ நேரம் இருந்தீங்க?"

"நாப்பது செகண்ட். எண்ணினேன்."

"ஏன் எண்ணினீங்க?"

"என் தலைய உள்ள வெச்சிருந்தப்பவும் எண்ணினேன். அப்பவும் நாப்பது."

எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

அவன் பிழைத்தான். கை கோணலாகக் கூடியது. அவன் மேல் ஒரு வழக்கு, ரெஞ்சுக்காகக் குழாய்க்காரி மேல் ஒரு வழக்கு, இரண்டும் நடக்கின்றன. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, தங்கையின் ஒற்றை அறைக்கே வந்துவிட்டாள். ராத்திரி வேலை முடிந்து வந்து மத்தியானம் தூங்கும்போது கால் உதைக்கும், முஷ்டி இறுகும். ஒரு நாள் பக்கத்தில் படுத்திருந்த தங்கையின் மூக்கில் குத்தியே விட்டாள்.

ரத்தத்தைப் பார்த்து அக்கா பதறி எழுந்து பஞ்சைத் தேடினாள். "அண்ணாந்து பாக்காத, முன்னால குனி" என்று அதட்டினாள்.

"நல்ல குத்துக்கா" என்றாள் தங்கை, மூக்கைப் பொத்திக்கொண்டு. "இதக் கொஞ்சம் முன்னாடியே பழகியிருக்கலாம்."

அக்கா சிரிக்கத் தொடங்கினாள். அந்தச் சிரிப்பு எப்போது அழுகையானது என்று இருவருக்குமே தெரியவில்லை.