டேங்க் குழாயில் குளவிக்கூடு

வாஹித் தொண்டியிலிருந்து லாரியில் ஏற்றிவந்த பழைய பாய்மரப் படகு, காரைக்குடியில் அவர் வீட்டுக் கொல்லையில் நின்றது. அதன் டீசல் இன்ஜின் பத்து நிமிடம் ஓடும், பிறகு அணைந்துவிடும். டிராக்டர் மெக்கானிக் நாகேந்திரன் மூன்று நாளாக டேங்கைக் கழுவினார், பில்டரை மாற்றினார், பம்பைப் பிரித்துப் பூட்டினார், படகை விற்றவனைத் திட்டித் தீர்த்தார்.

நான்காம் நாள் இன்ஜின் அணைந்ததும் டேங்க் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. உள்ளே காற்று போகாவிட்டால் டீசல் இறங்காது என்று பொறிதட்ட, டேங்குக்குக் காற்று போகும் குழாயைத் தேடினார். அதன் வாயை அடைத்துக் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

"இது இருக்கது உங்களுக்குத் தெரியுமா?"

வாஹித் தலைகுனிந்தார். "தெரியும்ணே. குளவி கூடு கட்டுனா வீட்டுல புள்ள பெறக்கும்னு ரிஸ்வானா தொடவிட மாட்டேங்குறா. கல்யாணமாகி ஒம்பது வருசம். சொன்னா ஒடைச்சிருவீகன்னு பயந்துட்டேன்."

நாகேந்திரன் வாய்வரை வந்த வசவை விழுங்கினார். மூடியை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய், துளையிட்டு வேறொரு குழாய் வைத்துவந்தார். இன்ஜின் நிற்காமல் ஓடியது.

ரிஸ்வானா கொல்லைக் கதவருகே வந்து நின்றாள். "கூடு நல்லாருக்காண்ணே?"

"அதுக்கு ஒண்ணும் ஆகலம்மா" என்றவர், அது அதிர்ந்துவிடக் கூடாதென்று இன்ஜின் வேகத்தைக் குறைத்தார்.