இறங்க முடியாத சவாரி

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மாடி மாடியாக ஏறி இறங்குவது பிழைப்பு. விடுமுறை நாட்களில் சைக்கிள் ஓட்டுவதுதான் உயிர். கூடவே வேலை செய்யும் நண்பனும் வருவான். கழுத்து நீளமென்பதால் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர். விடிந்ததும் இருவரும் ஏரிக்கரைச் சாலைக்குப் போவார்கள். போட்டி கிடையாது, தொந்தியைக் குறைக்கும் எண்ணமும் கிடையாது. வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஏரியைச் சுற்றி வருவார்கள், அவ்வளவுதான்.

ஒருநாள் வேலையில் கால் வழுக்கி லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். இடது தொடை எலும்பு நொறுங்கியது. உள்ளே கம்பி வைத்தார்கள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். போகவில்லை. கம்பி வைத்த இடத்தில் சீழ் பிடித்தது. காலை எடுக்காமல் காப்பாற்றுவதற்காகக் கடுமையான ஊசிகளை வாரக்கணக்கில் போட்டார்கள். கால் பிழைத்தது. ஆனால் அந்த ஊசிகள் காதுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றைக் கெடுத்துவிட்டன. உடம்பை நேராக நிறுத்துவதே அதுதானாம். எழுந்து நின்றால் தரை படகுபோல ஆடியது. குளிக்கும்போது கண்ணை மூடினால் அப்படியே சாய்ந்தார்.

மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அவர் குளியலறைக்குப் போவார்.

"உன் கடையில எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடேன். தரை ஆடாத கண்ணாடி."

அவள் சிரிப்பாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று மூக்கை உறிஞ்சுவது அவருக்குக் கேட்கும்.

பல மாதம் கழித்து, பயிற்சி அறையில் நகராமல் ஓரிடத்தில் நிற்கும் சைக்கிள் ஒன்றில் அவரை ஏற்றினார்கள். மிதித்ததும் அவர் முகம் மாறியது. பிசியோதெரபி செய்யும் பெண் வியந்துபோனாள். "சார், இன்னைக்குத்தான் உங்க பல்லையே பார்க்குறேன்!"

"இதை ரோட்டுல எப்ப ஓட்டலாம்மா?"

அவள் பெடலின் இறுக்கத்தைக் குறைத்தாள். "இரண்டு சக்கரம் வேண்டாம் சார். மூணு சக்கர வண்டி இருக்கு. அதுல தாராளமா போகலாம்."

வீட்டில் மனைவியும் அதையே சொன்னாள். "மூணு சக்கரத்துல ஏத்திட்டுப் போக நான் என்ன மூட்டையா?" என்று கத்திவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பின் பயிற்சிக்குப் போவதும் குறைந்தது. மதியமா மாலையா என்றுகூடப் பார்க்காமல் படுத்தே கிடந்தார்.

ஒட்டகம் பார்க்க வந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், ஒரே ஒரு தடவை. நீ பிடிச்சுத் தள்ளிவிடு, போதும்."

"தங்கச்சிக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிடும்."

"இப்படியே கிடந்தா நான் பைத்தியமாயிடுவேன்டா."

மனைவி கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் கிளம்பினார்கள். ஏரிக்கரையில் ஆளில்லை. ஒட்டகம் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடினான், தள்ளினான், விட்டான். முதலில் சாலை இடமும் வலமுமாகப் புரண்டது. வேகம் ஏற ஏற, தூரத்து மரத்தில் பார்வையை ஊன்ற ஊன்ற, எல்லாம் நின்றது. நிற்கும்போது ஆடும் உலகம் ஓடும்போது ஆடவில்லை! அவர் வாய்விட்டுக் கூவினார். ஒட்டகம் தன் சைக்கிளில் ஏறித் துரத்திப் பிடித்து அருகில் வந்தான். பழையபடி மேலதிகாரியைத் திட்டினார்கள். ஒரு சுற்று முடிந்தது. இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

பிறகு ஒட்டகம் கேட்டான், "போதும் மச்சான். இறங்கலாமா?"

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. வேகம் குறைந்தால் உலகம் ஆடும். ஊன்ற வேண்டிய இடது காலில் வலுவில்லை. ஏறுவதற்கு யோசித்தார்களே தவிர, இறங்குவதற்கு யோசிக்கவில்லை.

இன்னொரு சுற்றுப் போனார். இந்தமுறை பேச்சில்லை. தொடை நடுங்க ஆரம்பித்தது.

"நான் முன்னாடி போய் நிக்கிறேன். நேரா என்கிட்ட வா. பிடிச்சுக்கறேன்."

ஒட்டகம் கையை விரித்துக்கொண்டு சாலை நடுவே நின்றான். அவர் பிரேக்கை அழுத்தினார். வேகம் குறைந்ததும் ஏரி எழுந்து வானத்தில் ஏறியது, சாலை சாய்ந்தது, ஒட்டகம் இரண்டாகத் தெரிந்தான். எந்த ஒட்டகத்திடம் போவது என்று தெரியாமல் மோதினார். அவன் அடியில் விழுந்தான். அவர் சைக்கிளோடு அவன்மேல் விழுந்தார்.

அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஒட்டகத்தின் வலது தோள் எலும்பு உடைந்துபோனது.

அறுவை நடந்தது. எலும்பு கூடினாலும் கை தோளுக்கு மேலே எழவில்லை. லிஃப்ட் வேலையில் கையை உயர்த்தாமல் என்ன செய்ய முடியும்? அவனை வாசல் காவலுக்கு மாற்றினார்கள்.

அவர் தன் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். ஒட்டகத்தின் மனைவிதான் கதவைத் திறந்தாள். வழியை விடவில்லை.

"தூங்கறார் அண்ணா."

உள்ளே ஒட்டகம் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருப்பது நன்றாகக் கேட்டது.

"எழுந்ததும் சொல்லும்மா, நான் வந்தேன்னு."

"வராதீங்கண்ணா. நீங்க வந்தா அவர் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவார். நீங்க போனதும் அந்தக் கையைப் பார்த்துட்டே உட்கார்ந்திருப்பார். என்னால அதைப் பார்க்க முடியலை."

அந்தக் காலையைப் பற்றி மனைவி அதுவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. வீடு திரும்பியதும் அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுச் செருப்பைக் கழற்ற அவள் குனிந்தாள்.

"திட்டேன்" என்றார்.

"திட்டினா அவர் கை மேல போகுமா?"

"ஒண்ணு சொல்லவா? அவனை அப்படிப் பண்ணிட்டு வந்தும், கண்ணை மூடினா அவன் கை வரலை. ஏரியைச் சுத்தினதுதான் வருது. காத்து, தண்ணி, அவன் பேச்சு. அவ்வளவு சந்தோஷமா இருந்தேன் நான். அதை என்ன செய்யறதுன்னு தெரியலை."

அவள் கழற்றிய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.