ஹெம்லாக் ஓடை முகாமில் காலிபர் மாறிய துப்பாக்கி

நவம்பர் பதினான்காம் தேதி மாலை 30-06 ஆகச் சுவரில் மாட்டப்பட்ட லெம்பி கூசிஸ்டோவின் துப்பாக்கி, மறுநாள் காலை காபி கொதிக்கும்போது 257 ஆக இருந்தது. குழலின் உள்ளளவைச் சொல்லும் எண் அது. அதைத்தான் காலிபர் என்பார்கள். குழல் மெலிந்திருந்தது, அதன் மேல் பொறித்திருந்த எண்ணும் மாறியிருந்தது, புது எண்ணின் பள்ளங்களில் பழைய துரு படிந்திருந்தது. லெம்பியிடம் இருந்த தோட்டாக்கள் ஒன்றும் அதற்குப் பொருந்தவில்லை. அன்று மான் பருவத்தின் முதல் நாள். மிச்சிகனின் மேல் தீபகற்பத்தில் அந்த நாளில் பள்ளிக்கூடம் கிடையாது, மரம் அறுக்கும் ஆலை ஓடாது, கல்யாணம் வைத்தால் மாப்பிள்ளையே வரமாட்டான். வேட்டை முகாமில் இருந்த மூன்று பேரும் துப்பாக்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மான் காத்திருக்காது என்பதால் காட்டுக்குக் கிளம்பினார்கள். லெம்பி தோட்டா இல்லாமல் போய் உட்கார்ந்தாள். அவளைத் தாண்டி ஒரு கொம்பு மான் நிதானமாக நடந்துபோனது.

குற்றம் டாமினிக் பெர்டூச்சியுடையது. ஊருக்குள் அவருக்கு ரொட்டிக் கடை இருந்தது, ஆனால் அவர் முழுமூச்சாகச் செய்த வேலை துப்பாக்கிகளைப் பற்றி ஆசைப்படுவதுதான். முந்தின மாலை, அவரே கொண்டுவந்த இத்தாலியத் தொத்திறைச்சி சட்டியில் பொரிந்துகொண்டிருக்க, லெம்பியின் துப்பாக்கியைக் காட்டி அவர் பேசிக்கொண்டே போனார். "கம்பெனிக்காரனுக்கு மூளையே கிடையாதுய்யா. ஒரு தடவ சுட்டா அடுத்த தோட்டாவ தானே ஏத்திக்குது, எவ்வளவு புத்திசாலித் துப்பாக்கி! இதையே 257ல செஞ்சு குடுத்தா என்ன குறைஞ்சா போயிடுவான்? ஊசி எறங்குற மாதிரி எறங்கும்." அத்துடன் விளக்கை அணைத்துவிட்டார்கள். அணைக்குமுன் தன்னைப் பற்றிக் கடைசியாகச் சொல்லப்பட்ட ஆசையை அந்தத் துப்பாக்கி நிறைவேற்றிவிடும் என்பது அவர்களுக்குப் புரிய இன்னும் இரண்டு வருடம் ஆனது. மரமண்டைகள் என்று சொல்லலாம், ஆனால் நானாக இருந்தாலும் அவ்வளவு நாள் ஆகியிருக்கும்.

அடுத்த வருடம் முகாமின் தலைவர் வில்ஃப்ரெட் ட்ரெம்பாத்தின் முறை. பழைய சுரங்கத் தொழிலாளி, இரும்பில் செய்த மாதிரி கழுத்து. "ஊசி போடுறதுக்கு ஊர்ல நர்ஸ் இருக்காய்யா. மானுக்கு 35 வேணும். அடிச்சா அது தாத்தா பேரே மறந்துபோவணும்" என்றார். காலையில் குழல் புடைத்து, அதைத் தாங்கிய வால்நட் கட்டையில் விரிசல் விட்டிருந்தது. அதற்கடுத்த வருடம் எடை குறைய வேண்டும் என்று டாமினிக் அலுத்துக்கொண்டார். துப்பாக்கி விடிகாலையில் உத்தரத்தில் முட்டிக்கொண்டு மிதந்தது. பனிச்செருப்பின் தோல்வாரால் ஆணியில் கட்டி இறக்கினார்கள். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் கதவை அறைகிற மாதிரிச் சத்தம் போடுகிறது என்று வில்ஃப்ரெட் குறைப்பட்ட வருடம் போல்ட் மட்டுமல்ல, வெடியும் ஊமையானது. லெம்பி சுட்டாள். குண்டு பக்கத்து மரத்தில் பாய்ந்தது. தன்னைச் சுட்டார்கள் என்றே தெரியாமல் மான் மேய்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது குண்டும் தவறியது, மூன்றாவதும் தவறியது. வயிறு நிறைந்த பிறகுதான் அது போனது.

ஊரில் தோட்டாக் கடை வைத்திருந்தவர் இதையெல்லாம் கேள்விப்பட்டு, பதினைந்தாம் தேதி மட்டும் கோழி கூவுமுன் கடையைத் திறக்க ஆரம்பித்தார். எல்லா அளவிலும் ஒரு பெட்டி லெம்பிக்கென்று எடுத்துவைப்பார். "இன்னிக்கு என்னம்மா அளவு?" என்பார், செருப்புக் கடைக்காரர் பாதம் கேட்கிற தோரணையில்.

ஆனாலும் லெம்பி தவறவிட்டுக்கொண்டே இருந்தாள். அவள் இடதுகைக்காரி. குளிர்காலம் முழுக்கச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவள், எதற்கும் அசைய மாட்டாள். அந்தத் துப்பாக்கியோ, உலகத்துத் துப்பாக்கிகள் பெரும்பாலும் போல, சுட்ட தோட்டாவின் காலி உறையை வலப்பக்கம் துப்பும். இடது தோளில் வைத்துச் சுட்டால் சுடச்சுடப் பித்தளை முகத்துக்கு நேரே பறக்கும். துப்பாக்கி வாங்கிய வருடமே கன்னத்தில் தழும்பு விழுந்தது. அதற்குப் பிறகு விசையை இழுக்குமுன் அவள் கண் தானாக மூடிக்கொள்ளும். உறை இடப்பக்கம் போனால் போதும் என்பதுதான் அவள் ஒரே ஆசை. ஒருமுறை சொல்லவும் சொன்னாள். காலிபர் சண்டை கொதித்துக்கொண்டிருந்த நேரம், யார் காதிலும் விழவில்லை, கடைசி வார்த்தையும் அவளுடையதாக இல்லை.

மானைத் தவறவிட்டவரின் சட்டை வாலை, அதாவது பின்னால் தொங்கும் நுனியை, வெட்டிச் சுவரில் ஆணி அடிப்பது எல்லா முகாமிலும் உள்ள வழக்கம்தான். ஹெம்லாக் ஓடையில் அதற்கு மேலும் ஒரு சட்டம் இருந்தது. ஒருவருடைய வால் வரிசை அடுப்பில் தொடங்கி ஜன்னலைத் தொட்டுவிட்டால், அவர் காட்டில் தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஆயுசுக்கும் சமையல்காரர் ஆகவேண்டும். லெம்பியின் இடம் ஓடை வளைவில், ஒரு சாய்ந்த ஹெம்லாக் மரத்தடியில். வருடம் பூராவும் அவள் உயிரோடு இருப்பதே அந்த மரத்தடியில் விடியும் ஒரு காலைக்காகத்தான். இப்போது அவள் வரிசைக்கும் ஜன்னலுக்கும் இடையில் ஒரு வாலுக்குத்தான் இடமிருந்தது.

அந்த வருடத்து மாலையில் சௌனா என்ற நீராவிக் குளியல் அறையின் வெப்பத்திலிருந்து தக்காளி நிறத்தில் வெளியே வந்த மூவருக்கும் உடம்பு துடித்தது. வெளியே புதுப் பனி, தடம் பார்க்க அதைவிட வேறென்ன வேண்டும்! டாமினிக் அந்த வருடம் புதிதாகத் தனக்கொரு துப்பாக்கி வாங்கியிருந்தார். இருந்தும் லெம்பியின் துப்பாக்கியைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.

"அது 280 ஆவணும்" என்றார்.

"வாய மூடுய்யா. 358. நான் தலைவன்" என்றார் வில்ஃப்ரெட்.

"தலைவனாம்! கண்ணாடி போடாம தன் கால் கட்டைவிரலயே தெரியாது!"

"மாவு பிசையுற கைக்கு காலிபர் ஒரு கேடு!"

கடைசி வார்த்தைக்காக இருவரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். லெம்பி எழுந்து மேசையைத் தட்டினாள். "யோவ்! துப்பாக்கி யாருது? சமைக்கப் போறது நானு. இன்னிக்கு நான்தான் பேசுவேன். எவனாவது வாயத் தொறந்தா நாளைக்குக் காபி கெடையாது."

விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு துப்பாக்கியிடம் போனாள். இடப்பக்கம் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தாள். குழல் ஓரிடத்தில் மெலிந்து ஓரிடத்தில் புடைத்திருந்தது, கட்டை பிளந்திருந்தது, தோல்வாரில் கட்டுண்டு நாயைப் போல இழுத்துக்கொண்டு மிதந்தது. லெம்பிக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் அதனிடம் ஆளாளுக்குக் கட்டளை போட்டிருக்கிறார்கள், அவளும் ஒன்று போடக் காத்திருந்தாள்.

"பாவம்டா நீ" என்றாள். "உனக்கு என்ன வேணும்? நீயே பாத்துக்க."

டாமினிக் சிரித்தபடி எதையோ சொல்ல வாயைத் திறந்தார். வில்ஃப்ரெட் தன் கையிலிருந்த பாதி பேஸ்டியை, கறியும் கிழங்கும் மாவுமாக, அந்த வாய்க்குள் திணித்தார். லெம்பி விளக்கை அணைத்தாள்.

காலையில் தோல்வார் தொய்ந்து கிடந்தது. துப்பாக்கி தன் முழு எடையுடன் ஆணியில் தொங்கியது. குழலில் 30-06. விரிசல் இல்லை. போல்ட்டை இழுத்து விட்டதும் கதவை அறைகிற பழைய சத்தம், முகாம் முழுக்கக் கேட்டது. எல்லாம் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே. உறை வெளியேறும் வாய் மட்டும் வலப்பக்கத்தை விட்டு இடப்பக்கம் வந்திருந்தது.

மூவரும் கத்திய கத்தலில் கூரைப் பனி சரிந்தது. லெம்பி பையின் அடியில் கிடந்த பழைய தோட்டாக்களை அள்ளிக்கொண்டு, காபி குடிக்காமல் ஓடினாள்.

ஓடை வளைவில் அவள் போல்ட்டை விட்ட சத்தத்துக்கு ஒரு கொம்பு மான் தலையைத் தூக்கியது. ஓடவில்லை, யார் என்று பார்த்தது. லெம்பி விசையை இழுத்தாள். கண் மூடவில்லை. உறை இடப்பக்கம் பறந்து பனியில் சுர்ரென்று இறங்கியது. அடுத்த தோட்டா தானே ஏறிக்கொண்டது, தேவைப்படவில்லை.

டாமினிக் அன்று புதுத் துப்பாக்கியால் இரண்டு மான்களைத் தவறவிட்டார். அவருடைய ரொட்டிக் கத்தியாலேயே லெம்பி அவர் சட்டை வாலை வெட்டி, அடுப்புப் பக்கம் ஆணி அடித்தாள்.

இப்போதும் ஒவ்வொரு பதினான்காம் தேதியும் விளக்கணைக்குமுன் "வேற எதாவது வேணுமா?" என்று லெம்பி கேட்கிறாள். துப்பாக்கி அப்படியே இருக்கிறது. டாமினிக்கும் தன் துப்பாக்கியை எதிரில் வைத்துக்கொண்டு, 280 ஆகு, எடையைக் குறை என்று தொண்டை கட்டும்வரை சொல்லிப்பார்க்கிறார். அது அசைவதே இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டால் ஒருவேளை அசையலாம், ஆனால் டாமினிக் சொல்கிற ஆள், கேட்கிற ஆள் இல்லை.